முழங்கைத் திட்டில் ஒல்மேதோ நடத்திய பாடம்

நெல்வா ஷிவாங்கோ பயிற்சிக்கு வந்த முதல் நாள், பாறைமேல் நின்று கீழே பொங்கி இரையும் தண்ணீரைப் பார்த்தபோதே கால்சட்டையில் சிறுநீர் போய்விட்டது. முப்பது தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், இனி ரப்பர் படகில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் வழிகாட்டி ஆகப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சுற்றிலும் எல்லாம் ஆண்கள். யாரும் இன்னும் ஆற்றில் இறங்கவில்லை, எல்லார் துணியும் காய்ந்தே இருந்தது. நகர்ந்தால் தெரிந்துவிடும் என்று அவள் மரம் மாதிரி நின்றாள்.

பயிற்சி கொடுக்கும் ஒல்மேதோ லிக்குய் அவள் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார். மறுகணம் அவள் முதுகில் ஒரு தள்ளு விழுந்தது. பாறைக்கு அடியில் இருந்த மடுவில் தலைகுப்புற விழுந்தாள். மூச்சு முட்டி மேலே வருவதற்குள் அடுத்தவன் அவள் தோள்மேல் வந்து விழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, நீந்தத் தெரியாதவர்கள் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று மேலிருந்து கத்தினார். அன்று முழுக்க நெல்வா அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒல்மேதோ செய்யும் நல்லது பார்க்கிறவர்களுக்கு அடி மாதிரிதான் தெரியும். பீப்பாய் போன்ற நெஞ்சு, வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது, இடது காது சுத்தமாகக் கேட்காது. இளவயதில் இதே யுராக்யாகு ஆற்றில் வெடி போட்டு மீன் பிடித்தவர் அவர். ஒருநாள் திரி குட்டையாகிப்போய் வெடி கையிலேயே வெடித்தது. செத்து மிதந்த மீன்களுக்கு நடுவே தன் விரலும் மிதந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வேலையை விட்டார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே அந்தக் கையை நீட்டி, இது நான் ஆற்றுக்குக் கட்டிய அபராதம் என்பார்.

தேனா நகரத்துக்கு மேலே அந்த ஆற்றில் படகு விடுகிறவர்கள் எல்லாரும் ஒரு சங்கமாக இருந்தார்கள். துடுப்பு போடவும், கவிழ்ந்தவனைக் கயிறு வீசிக் காப்பாற்றவும் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கடைசியில் ஒல்மேதோவின் ஆற்றுப் பாடத்தில் தேறினால்தான் வழிகாட்டி அட்டை கிடைக்கும். எந்தக் கல்லுக்கு அடியில் என்ன வாழ்கிறது, எந்த மாதத்தில் எந்தத் திட்டில் படகை நிறுத்தக்கூடாது, கரையில் என்ன கழுவக்கூடாது, வருகிறவர்களுக்கு அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். ஆறு பாறைகளுக்கு நடுவே சீறி இறங்கும் பாய்ச்சலில் கவிழ்வதைவிட இந்தப் பாடத்துக்குத்தான் பையன்கள் அதிகம் பயந்தார்கள்.

விடிவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து குவாயுசா இலை போட்ட சூடான தண்ணீரைக் குடிப்பார்கள். ராத்திரி கண்ட கனவை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கெட்ட கனவு கண்டவனை அன்றைக்கு ஒல்மேதோ தண்ணீரில் இறக்கமாட்டார். பிறகு ஆற்றுக்குப் போய்க் கல்லைப் புரட்டுவார்கள். கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் கராச்சாமா மீன் தன் முட்டைக்குக் காவல் இருப்பதைக் காட்டுவார். ஒரு தடவை அவருடைய அக்காள் மகன் பைரன் அந்தி கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே ஓரமாகப் போட்டான். பளீரென்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

"யார் வீட்டுக் கூரையப் பிச்சுப் போட்டுட்டு நீ பாட்டுக்கு நிக்கிற?"

"மாமா, மீனுதான..."

"நீயும் பயலுதான். உன் கூரையப் பிச்சா உங்கம்மா சும்மா இருப்பாளா? திருப்பி வை. இருந்த மாதிரியே வை."

பைரன் கன்னத்தைத் தடவிக்கொண்டே கல்லை எடுத்து வைத்தான். பக்கத்தில் நின்ற அபெல் செர்தா என்ற பையன், மாமன் வீட்டில் பொண்ணு கேட்டுப் போனாலும் இதே மரியாதைதான் கிடைக்கும்டா என்று சீண்டினான். அவனுக்கும் ஒன்று விழுந்தது. நெல்வாவைப் பாத்திரக்காரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய்களும் அன்றோடு மூடிக்கொண்டன. அன்றைக்கே பாய்ச்சலுக்கு நடுவே கவிழ்ந்த அபெலை முடியைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டவள் அவள்தான்.

ஆறு ஒரு வெள்ளைக் கோடு ஓடிய பாறையைச் சுற்றி மடங்கும் இடத்துக்கு முழங்கை என்று பெயர். அந்த மடக்கில் ஒரு மணல்திட்டு. அதற்கு மேலே பாய்ச்சல், கீழே மீன் முட்டையிடும் மடு. வழிகாட்டிகளின் பிழைப்பு அந்தப் பாய்ச்சலில் இருந்தது, ஊரின் சோறு அந்த மடுவில் இருந்தது. திட்டின் மணலில் தங்கப்பொடியும் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஊர்ப் பெண்கள் மரத்தட்டை எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகளின் துணிமணிக்கு வேண்டியதை மட்டும் அலசி எடுத்து வருவார்கள். ஆனால் முழங்கை என்ற சொல்லை வெளியாள் முன்னால் யாரும் வாயில் எடுப்பதில்லை. சொன்னால் தங்கம் இடம் மாறிவிடும் என்பார்கள் சிலர். ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பார்கள் மற்றவர்கள்.

பெண்கள் தங்கம் அலசும் அந்த வழக்கத்தை ஒல்மேதோ பாடமாக்கினார். நம் அம்மாக்கள் ஆற்றை நோகடிக்காமல் எடுத்தார்கள், போதும் என்றதும் நிறுத்தினார்கள், அதை வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்பது அவருடைய எண்ணம். செத்துப்போன தன் அம்மாவின் மரத்தட்டைக் கொண்டுவந்து, முழங்கைத் திட்டில் முட்டிபோட்டு மணலை அலசினார். தட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு நின்றது. எல்லாருக்கும் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே ஆற்றிலேயே கவிழ்த்தார். தேர்வுக்கு ஆளுக்கொரு விஷயத்தைச் சொல்லிக்காட்ட வேண்டும். பைரன் மாமாவைப் போனில் படம் பிடித்து, அதற்குப் பின்னால் தன் குரலில் அழகாகப் பேசிச் சேர்த்திருந்தான். ஒல்மேதோவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இதற்குத்தான் முதலிடம் என்றார். அந்தச் சந்தோஷத்தில் பைரன் அதை இணையத்தில் உலகத்துக்கே போட்டுவிட்டான். படத்தில் தங்கம் இருந்தது, மாமாவின் சிரிப்பு இருந்தது, அவர் தலைக்குப் பின்னால் வெள்ளைக் கோடு ஓடிய பாறையும் இருந்தது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பொக்லைன்கள் வந்துவிட்டன. கடற்கரைப் பக்கத்து முதலாளி ஒருவன் அனுப்பியவை. கரையில் நின்ற மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டு வழி செய்துகொண்டு திட்டில் இறங்கின. யுராக்யாகு என்றால் வெள்ளைத் தண்ணீர். அது சேறு கரைத்த காப்பி மாதிரி ஆனது. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் கலந்த குட்டையில் நாய்கள் குடித்துவிட்டு நுரை தள்ளிச் செத்தன. நெல்வா ஒருநாள் விருந்தாளிகளோடு இறங்கி வந்தபோது, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் படகைக் கரைக்கு இழுத்து, அவள் கண்ணெதிரே கத்தியால் அதைக் கிழித்தார்கள். அழுத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலைக்கு மேலே சுட்டார்கள். தடுக்கப் போன நெல்வாவின் வாயில் துப்பாக்கிக் கட்டையால் ஒரு இடி விழுந்தது. அவளுக்கு முன்பல் ஒன்று போனது. அதோடு விருந்தாளிகள் வருவது நின்றது.

நகரத்தில் மனு கொடுத்தார்கள். அங்கே இருந்த அதிகாரிகள் நாளை வாருங்கள் என்றார்கள். ஒல்மேதோ நாலைந்து தடவை போய் வந்துவிட்டு அப்புறம் போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து துடுப்புக் கட்டையைக் கண்ணாடித் துண்டால் இழைத்துக்கொண்டிருப்பார். நான் காட்டிக் கொடுத்த இடத்தை நான்தான் திரும்ப வாங்கித் தர வேண்டும் என்று நெல்வாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான்.

பிழைப்பு போன பையன்கள் சிலர் கூலிக்கு அந்தத் திட்டுக்கே போனார்கள். பைரனும் போனான். பொக்லைன் ஓட்டும் வில்மருக்கு உதவியாளாக இருந்து, அதை ஓட்டவும் கற்றுக்கொண்டான். இது ஒல்மேதோ காதில் விழுந்த அன்றைக்கு அவர் நேராக ஆட்கள் நடுவில் போய் அவன் முடியைப் பிடித்து இழுத்து வந்தார். கரையிலேயே போட்டு மிதித்தார். ஆத்திரம் அடங்காமல் அவன் தலையைச் சேற்றுத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு நின்றார். பையன் கைகால் உதறுவது குறைந்துகொண்டே வந்தது. நெல்வா கத்தினாள், குத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அவருடைய முன்கையை எலும்பு தட்டும்வரை கடித்தாள். அப்போதுதான் பிடி விட்டது. அவர் தன் கையையும் பார்த்தார், கரையில் கிடந்து வாந்தியெடுக்கும் பையனையும் பார்த்தார். பிறகு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

படத்தைப் போட்டுவிட்டு அந்தத் திட்டுக்கே கூலிக்கும் போன மகனைத் திருத்த, பைரனின் அம்மா தெலீசியா ஊரைக் கூட்டினாள். அந்த ஊரில் தப்பு செய்தவனுக்குச் செந்தட்டிச் செடியால் அடித்து, கண்ணில் மிளகாய் வைப்பது வழக்கம். தண்டனை என்று அவர்கள் சொல்வதில்லை. வைக்கிறவருடைய குணம் மிளகாய் வழியாக உள்ளே இறங்கும் என்பது நம்பிக்கை. அதனால் யார் வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். செந்தட்டியால் அடித்து முடித்தார்கள். பைரனின் முதுகு தடித்துச் சிவந்திருந்தது. தெலீசியா அரைத்த மிளகாயைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தாள்.

"நீதான் வைக்கணும். அவனுக்கு அப்பன் இல்ல."

"என் கை வேணாம்க்கா. அன்னைக்கு நான் என்ன பண்ணுனேன்னு நீ பாக்கல. அந்தக் குணம் எறங்கி அவனுக்கு என்னத்துக்கு ஆவும்?"

"நீ முரடன்தான். ஆனா பொய் பேசமாட்ட. அது மட்டும் எறங்குனாப் போதும்."

ஒல்மேதோ எழுந்து நின்றார்.

"அப்ப பொய் பேசாமலே சொல்லிடறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. முழங்கைய வெளியாளுக்குக் காட்டுனது இவன் இல்ல. தட்டப் புடிச்சு ஆட்டுனது நானு. பல்லக் காட்டிச் சிரிச்சதும் நானு. சொல்லக்கூடாதுன்னு நம்ம அம்மாவெல்லாம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தத, பாடம்னு சொல்லி ஊரறியப் பேசுனதும் நான்தான். இவன் போனத்தான் புடிச்சான்."

சொல்லிவிட்டு மிளகாயைத் தொட்டு முதலில் தன் இரண்டு கண்ணிலும் தேய்த்துக்கொண்டார். அப்படி ஒருவர் தனக்குத்தானே வைத்துக்கொண்டதை அந்த ஊர் பார்த்ததில்லை. கண்ணீரும் சளியும் வழிய, தடவித் தடவிப் பைரனின் முகத்தைக் கண்டுபிடித்து அவன் கண்ணிலும் வைத்தார். மாமனும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் புரண்டு கத்தினார்கள். தெலீசியா இருவர் முகத்திலும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினாள்.

அந்தக் கூட்டத்திலேயே திட்டுக்குப் போய் முதலாளியின் ஆட்களை விரட்டுவது என்று முடிவானது.

புறப்பட்ட நாளில் விடியலுக்கு முன் குவாயுசா குடிக்க உட்கார்ந்தார்கள். யாரும் கனவு சொல்லவில்லை. ஒல்மேதோவும் கேட்கவில்லை. நெல்வா சிலுவை போட்டுக்கொண்டு, ஆண்டவரே, யாரையும் கொல்ல வைத்துவிடாதேயும் என்று மட்டும் கேட்டாள். ஊர்க்காரர்கள் ஈட்டியோடு காட்டுவழியாக நடந்தார்கள். வழிகாட்டிகள் ரப்பர் படகுகளில் மேலிருந்து பாய்ச்சல் வழியாக இறங்கினார்கள். மலையில் மழை பெய்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் படகுகள் வந்தது திட்டில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

முதல் சில நிமிடம் கல்லும் துடுப்புமாகப் போனது. கூடாரத்திலிருந்து ஓடிவந்தவன் மண்டையில் துடுப்பு இறங்கியது. ஒருவன் சுட்டான், ரவை அபெலின் தோளைப் பிய்த்துக்கொண்டு போனது. ஈட்டிகள் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் துப்பாக்கிக்காரர்கள் ஓடத் தொடங்கினார்கள். இரண்டு பொக்லைன்கள் கரையேறித் தப்பித்தன. மூன்றாவதில் வில்மர் இருந்தான். தண்ணீரோரமாகச் சிக்கிக்கொண்டவன், பயத்தில் அந்த இரும்புக் கையைச் சுற்றிச் சுற்றி வீசினான். ஒரு படகு இரண்டாக மடிந்தது. அதற்கு அடியில் அபெலின் தம்பியின் கால் மாட்டி நசுங்கியது. அவன் போட்ட சத்தம் நெல்வாவுக்கு இப்போதும் சில நாள் கேட்பதுண்டு.

ஒல்மேதோ சங்கிலிச் சக்கரத்தின் மேல் ஏறி, துடுப்பின் கட்டையால் கண்ணாடியை உடைத்தார். முதல் குத்தில் கண்ணாடி போனது. இரண்டாவது குத்தில் வில்மரின் ஒரு கண் போனது. அவனை இழுத்துக் கீழே போட்டார்கள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு மணலில் சுருண்டான். இயந்திரத்தின் கை அந்தரத்தில் நின்றது.

சண்டை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அபெல் ரத்தம் வழிய எழுந்து வந்து, இதைக் கொளுத்து என்றான். கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. வேண்டாம், ஆற்றில் தள்ளு என்றார்கள் சிலர். தண்ணீர் ஏற்கெனவே சக்கரத்தைத் தொட்டுவிட்டது. நாலு பேர் நெம்பினால் போதும், வெள்ளம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒல்மேதோ இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றார்.

"வயிறு நெறைய டீசல் இருக்கு. பக்கத்துல பீப்பாயும் இருக்கு. கொளுத்துனாலும் தள்ளுனாலும் அம்புட்டும் மடுவுலதான் போய் நிக்கும். முட்டை வைக்கிற மாசம்டா இது."

"என் தம்பி காலு போச்சு, நீ மீனு முட்டைக்கு அழுவுறியா?" என்றான் அபெல்.

"வில்மர வேணும்னா கொன்னுக்க. அது வேற பாவம். ஆத்தக் கொல்லாத."

அபெல் ஈட்டியைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் அவர் வாயில் அடித்தான். அவர் நகரவில்லை. இன்னொருவன் அடித்தான். எந்த ஊருக்காக இறங்கி வந்தாரோ அந்த ஊரே அவரை அடித்தது. நெல்வா பீப்பாயை மேட்டுக்கு உருட்டத் தொடங்கினாள். அவள் முதுகிலும் கல் விழுந்தது. அப்போது பைரன், மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகாத கண்ணோடு, கண்ணாடி உடைந்த கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தான். இயந்திரம் உறுமியது. தண்ணீரிலிருந்து அதைப் பின்னோக்கி இழுத்துக் கரைமேட்டில் ஏற்றினான். அவன் ஏற்றி முடிக்கும்வரை சொந்தக்காரர்களே கல்லால் அடித்தார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியவனுக்கு நெற்றியில் எலும்பு தெரிந்தது. முதலாளியின் நாய் என்று ஒரு கிழவி அவன் முகத்தில் துப்பினாள். மாலைக்குள் வெள்ளம் திட்டை முழுக்க மூடியது. ஒரு சொட்டு டீசல் தண்ணீரில் கலக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. போலீஸ் வந்து இயந்திரத்தைக் கொண்டுபோய், சில வாரத்தில் முதலாளியிடமே கொடுத்துவிட்டது. ஆனால் முழங்கைக்கு அவனுடைய ஆட்கள் திரும்பவில்லை. ஈட்டியைப் பார்த்துப் பயந்ததாலா, மணலை வெள்ளம் வாரிக்கொண்டு போனதாலா, யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மடுவில் அந்த வருஷம் கராச்சாமா குஞ்சுகள் கொஞ்சமாவது இருந்தன. ஊரில் பாதிப்பேர், முதலாளி இயந்திரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவன் என்று பைரனோடு பேசுவதை நிறுத்தினார்கள். வில்மரின் கண்ணுக்காக ஒல்மேதோவைப் போலீஸ் பிடித்தது. அடித்தீர்களா என்று கேட்டபோது, ஆமாம், இரண்டு குத்து என்றார். வக்கீல் தலையில் கைவைத்தார்.

தேனாவிலிருந்து அவரைக் கடற்கரைப் பக்கத்துப் பெரிய சிறைக்கு மாற்றினார்கள். அங்கே கைதிக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட ஒரு கலவரத்தில், சம்பந்தமே இல்லாமல் அவர் செத்துப்போனார். படுகாயத்தோடு கிடந்த யாரோ ஒருவனை இழுத்துக்கொண்டு போகும்போது வெட்டு விழுந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது உண்மையா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். உடம்பை அடையாளம் காட்டப் போன தெலீசியா, விரல் இல்லாத கையை வைத்துத்தான் காட்டினாள்.

அதற்கு முன்னால், அவரை மாற்றிக்கொண்டு போன நாளில், நெல்வா தேனா சிறை வாசலில் காத்திருந்தாள். கையில் விலங்கோடு வண்டியில் ஏற்றினார்கள். அபெல் உடைத்த பல்லுக்கு மேலே உதடு இன்னும் கோணலாக இருந்தது. கம்பி வழியாக அவளைப் பார்த்ததும், உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வாய்ப் பல்லுதான் மிச்சம் போலிருக்கிறது என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கம் ஆற்றுப் பாடத்தை இனி அவள் எடுக்க வேண்டும் என்று சொன்னதையும், புதிதாகச் சேர்ந்தவர்கள் முழங்கையில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். காவலர் கதவைச் சாத்தப் போனார். ஒல்மேதோ கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"சொல்லாம விடாத. அந்தத் திட்டுலயே நிக்க வச்சுச் சொல்லு. யாரு காட்டிக் குடுத்ததுன்னு கேப்பானுங்க. என் பேரச் சொல்லு. மிசினக் கரையேத்துனது யாருன்னு கேட்டா, அப்ப பையன் பேரச் சொல்லு."